பின்சீட்டுக்கு நம்பர் கிடையாது

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் காதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அவர் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். இல்லாத ஒன்றைப் பற்றி மணிக்கணக்கில் பேச மனிதர்களால் எப்படித்தான் முடிகிறதோ தெரியவில்லை.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு பொந்தை அறை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கண் தெரியாதவருக்கு ஜன்னல் எதற்கு என்று எந்தப் புண்ணியவானோ யோசித்திருக்கிறான். காற்று என்று ஒன்று இருப்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. முன்னூற்றுச் சொச்சம் உள் நம்பர்கள் அவருக்கு மனப்பாடம். எந்த நம்பரைச் சொன்னாலும் அவருக்கு அது ஒரு அறை. வீட்டு மின் இணைப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் படித்தால், "அது பிரசவ வார்டு" என்பார். டாக்டர்கள் போனை எடுத்து ஹலோ சொல்லும் முன் விடுகிற மூச்சிலேயே ஆள் யாரென்று சொல்லிவிடுவார். எலும்பு டாக்டர் சாப்பிட்டுவிட்டாரா இல்லையா என்பது வரைக்கும் தெரியும்.

பதினோரு வயதில் பார்வை போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்றார்களாம். அதற்கு முன் இரண்டு வருடம் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். பார்வை மங்கத் தொடங்கிய பிறகும் யாரிடமும் மூச்சு விடாமல் ஓட்டியிருக்கிறார். நின்றிருந்த லாரியின் பின்னால் போய் முட்டியபோதுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. சைக்கிளைத் தூக்கி அத்தை மகனிடம் கொடுத்துவிட்டார்கள். கண் போனதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. அந்த அத்தை மகன் செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் சைக்கிளைத் துருப்பிடிக்க விட்டான் என்பதைச் சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் குரல் மாறும்.

நான் தபால்காரி. கல்யாணத்துக்கு முன்னிருந்தே சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றுகிறவள். அந்த ஆஸ்பத்திரி என் லைனில் இருந்தது. ஒருநாள் பதிவுத் தபாலை எந்த அறையில் கொடுப்பது என்று கேட்க அவர் கதவருகே போனேன். பதில் சொல்வதற்கு முன்னால், "உங்க சைக்கிள் செயின் காஞ்சு கிடக்கு. நாலு நாளா கேட்டுட்டிருக்கேன்" என்றார். மற்ற பெண்களுக்கெல்லாம் கவிதை கிடைக்கிறது, எனக்கு இது கிடைத்தது. அன்று சாயங்காலமே எண்ணெய் வாங்கிப் போட்டேன் என்பதை அவரிடம் பல வருடம் சொல்லவில்லை.

இனி அந்தச் சங்கத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சைக்கிள் சங்கம் ஒன்று இருக்கிறது. காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து, இறக்கி ஓட்டி, திரும்பவும் காரில் ஏற்றிக்கொண்டு போகிற கூட்டம். மூச்சு விட்டால் தையல் பிரியும் போல் இறுக்கமான சட்டை. அதன் தலைவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நான் அவருக்கு 'வள்ளல்' என்று பெயர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் படம் எடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

இவர்கள் ஒரு இரட்டைச் சைக்கிள் வாங்கினார்கள். முன்சீட்டில் பார்வை உள்ள ஓட்டி, பின்சீட்டில் பார்வை இல்லாதவர். நல்ல விஷயம்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் வாயைப் பிளந்தேன். ஆனால் அந்தச் சைக்கிள் வருடம் முழுக்கக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கும். 'அன்பு தினம்' என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் மலைப்பாதைப் பந்தயத்துக்கு அதை வெளியே எடுப்பார்கள். அவர்கள் அன்புக்கு வருடத்தில் ஒரு நாள் போதும்.

பந்தயம் என்பது பதினோரு கிலோமீட்டர், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. தொண்ணூறு நிமிடத்துக்குள் உச்சிக்கு வந்தால் உறுப்பினர் கார்டு கொடுப்பார்கள், அதில் ஒரு நம்பர் இருக்கும். கார்டு இருந்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகையிலிருந்து பிடித்த சைக்கிளை, பிடித்த ஆளோடு எடுத்துக்கொண்டு போகலாம். யாரிடமும் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்கு வேண்டியது அந்தக் கார்டு. மெடல் வேண்டாம், தொப்பி வேண்டாம், கைதட்டல் அறவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வேண்டும். நாற்பத்தாறு வயது மனிதர் அதைச் சொல்லும்போது பதினோரு வயதுப் பையன் போலத்தான் இருந்தது.

முதல் வருடம் வள்ளலே முன்சீட்டில் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரின் காதருகே வந்து, "சார்! நல்லா! பிடிச்சுக்குங்க!" என்று கத்தினார். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று எவன் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தானோ. பிறகு என் பக்கம் திரும்பி, "சாருக்குத் தண்ணி வேணுமா?" என்றார். "சார் பக்கத்துலதான் இருக்காரு, அவரையே கேளுங்க" என்றேன். அசடு வழியச் சிரித்தார்.

அவர் முதுகில் நம்பர் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் முதுகில் ஒரு சிவப்பு இதயம், கீழே 'அன்பு' என்ற எழுத்து.

"இவருக்கு நம்பர்?" என்று கேட்டேன்.

"பின்சீட்டுக்கு நம்பர் கிடையாதும்மா. அவங்க நம்ம விருந்தாளி."

நூற்றுப் பத்து நிமிடம் ஆயிற்று. மறுநாள் செய்தித்தாளில் வள்ளல் கையை விரித்து நிற்கும் படம் வந்தது. 'இருளுக்கு வழிகாட்டிய இதயம்' என்று தலைப்பு. என் வீட்டுக்காரரின் அரைத் தோள் ஓரத்தில் தெரிந்தது. நான் அவர் தொடைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அதைப் படித்துக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "மூணாவது வளைவோட அவர் மிதிக்கறதை நிறுத்திட்டாரு" என்றார்.

"காலு சுத்திட்டுத்தானே இருந்துச்சு? நான் கீழேருந்து பாத்தேனே."

"சுத்தும். ரெண்டு பெடலும் ஒரே செயின்ல கோத்திருக்கு. நான் மிதிச்சா அவர் காலும் தானா சுத்தும். பாக்கறவனுக்கு ரெண்டு பேரும் மிதிக்கற மாதிரிதான் இருக்கும். பின்னாடி இருக்கறவன் காலுக்குத்தான் தெரியும், பாரம் எவ்வளவுன்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூறு கிலோ மனிதரை இவர் மலைமேல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். படம் அந்தத் தொண்ணூறு கிலோவுக்கு. இதில் என்ன அயோக்கியத்தனம் என்றால், கண் தெரியாதவர்தானே, இவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று அந்த ஆள் நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து வள்ளலுக்கு 'சும்மாக்கால்' என்று இரண்டாவது பெயரும் வைத்தேன். தபால் ஆபீஸ் முழுக்க அந்தப் பெயரைப் பரப்பினேன். சீல் குத்தாமல் குத்துவது போல் கையை ஆட்டுகிற எங்கள் குமாஸ்தாவைக்கூட, "என்ன, சும்மாக்கால் வேலையா?" என்று கேட்க ஆரம்பித்தோம்.

இரண்டாவது வருடமும் அதே முன்சீட்டு, அதே ஆள். இந்தத் தடவை ஏழாவது வளைவில் பள்ளத்தாக்கு அழகாக இருக்கிறது என்று இறங்கிப் படம் வேறு எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அழகான பள்ளத்தாக்குக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நூற்றிரண்டு நிமிடம். உச்சியில் நான் பொறுக்க மாட்டாமல் நேரம் குறிக்கிற மேஜைக்கே போய், "இவர் மிதிக்கவே இல்லை, எங்க வீட்டுக்காரர்தான் தனியா இழுத்துட்டு வந்தாரு" என்று சத்தம் போட்டேன்.

வள்ளல் பொறுமையின் திலகமாகப் புன்னகைத்தார். "அம்மா, உணர்ச்சிவசப்படறீங்க. நான் மிதிக்காம சைக்கிள் எப்படிம்மா மேல வரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண்மணி என் முதுகைத் தடவிக்கொடுத்து, "கஷ்டம்தான், புரியுது" என்றாள். என்ன புரிந்ததோ அவளுக்கு.

மூன்றாவது வருடம் நானே முன்சீட்டில் ஏறுவது என்று முடிவு செய்தேன். இருபத்தைந்து வருடம் மேடு பள்ளமெல்லாம் பை சுமந்து மிதித்த கால். இந்த இறுக்கச் சட்டைகள் எனக்கு எம்மாத்திரம்? என் வீட்டுக்காரர்தான் இழுத்தடித்தார்.

"நீ பேசிக்கிட்டே ஓட்டுவ."

"பேசல. வாயைத் திறக்க மாட்டேன்."

"திறக்கணும். பள்ளம், வளைவு, கியர், இது மூணும் சொல்லணும். மத்தது வேண்டாம்."

சங்கத்தில் ஓட்டிக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். கொட்டகை முற்றத்தில் எட்டுப் போட வேண்டும், பின்சீட்டில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு. போட்டேன். வள்ளல் எதிர்க்கவில்லை. "மனைவியே கண்ணாக! அருமையான படம் வரும்" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு வாயில் வந்ததை அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து விழுங்கினேன்.

ஆறு மாதம் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரி மாடிப்படி எட்டு மாடியும் ஏறி இறங்கினார். கைப்பிடியைத் தொட்டபடி, தினம் மூன்று தடவை. லிஃப்டுக்குக் காத்து நிற்கும் நோயாளிகள், பாவம், யாரையோ தேடுகிறார் என்று நினைத்து ஒவ்வொரு மாடியிலும் வழி சொன்னார்களாம். நான் பயிற்சி எதுவும் செய்யவில்லை. எனக்கு எதற்குப் பயிற்சி?

பந்தயத்தன்று காலை எங்களுக்கு ஒரு நம்பரும் ஒரு இதயமும் கொடுத்தார்கள். நம்பர் எனக்கு. அவர் முதுகில் இதயத்தை ஊசி குத்தும்போது, "இது கடைசித் தடவை, பாத்துட்டே இருங்க" என்றேன். "பாக்கறேன்" என்றார்.

முதல் எட்டு வளைவும் அமர்க்களமாகப் போயிற்று. இறுக்கச் சட்டைகள் சிலரைத் தாண்டினோம். தாண்டும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்கே இன்னும் ஒரு கிலோமீட்டர் போகலாம் போலிருந்தது. ஒன்பதாவது வளைவில் மூச்சு வாங்கியது. தபால் பையோடு ஏறுகிறவளுக்கு வீட்டுக்கு வீடு இறங்கி நிற்க இடம் உண்டு, மலையில் அப்படி எந்த வீடும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பத்தாவதில் தொடை எரிந்தது. பின்னாலிருந்து ஒரே சீராக விசை வந்துகொண்டிருந்தது, எட்டு மாடி ஏறிய கால்.

பதினோராவது வளைவில் மிதிப்பதை விட்டேன்.

கால் வலித்தது, உண்மை. விட்டுவிடும் அளவுக்கு வலித்ததா என்று கேட்டால், இல்லை. கொஞ்சம், ஒரு நூறு அடிக்கு மட்டும் என்று விட்டேன். பெடல் தானாகச் சுற்றிக்கொண்டு என் காலையும் சுற்றியது. அவ்வளவு சுகமாக இருந்தது. சாலையோரம் சங்கத்து ஆட்கள் காரை நிறுத்திவிட்டுக் கூட்டமாக நின்றிருந்தார்கள். "பாவம்யா அந்தம்மா, தனியாளா இழுத்துட்டுப் போகுது!" என்று ஒருவன் கத்தினான், மற்றவர்கள் கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முகத்தில் கொஞ்சம் கஷ்டத்தைக்கூட வரவழைத்துக்கொண்டேன். நூறு அடி பன்னிரண்டாவது வளைவு ஆயிற்று, பன்னிரண்டு பதின்மூன்று ஆயிற்று. பின்னால் அவர் மூச்சு ஊதுலை போல் வந்தது. "வளைவு எந்தப் பக்கம்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார், ஏனென்றால் நான் சொல்ல மறந்திருந்தேன்.

பதின்மூன்று தாண்டியதும் திரும்ப மிதித்தேன். எண்பத்தெட்டு நிமிடத்தில் உச்சிக்கு வந்தோம்.

அவர் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, நம்ம ரெண்டு பேரும் காட்டிட்டோம் என்று ஏதோ அளந்துகொண்டிருந்தேன்.

"பதினோராவது வளைவுல கால் வலிச்சுதா?" என்றார்.

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

தண்ணீர்ப் பாட்டிலை மூடி என் கையில் வைத்தார்.

மேஜையில் ஸ்டாப்வாட்சோடு ஒரு மருந்துக்கடைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வள்ளல், கையில் மைக். என் பெயர் எழுதிய கார்டை எடுத்து நீட்டினார், நம்பர் 214. என் வீட்டுக்காரருக்கு ஒரு தொப்பியும் மெடலும். கைதட்டல்.

"அவர் கார்டு?" என்றேன்.

"அம்மா, ஒரு சைக்கிளுக்கு ஒரு கார்டுதான். சைக்கிளை ஓட்டினது நீங்க. சார் உங்க கூட வந்தாரு. அவ்வளவுதானே?"

"அவரும் மிதிச்சாரு."

"மிதிச்சிருக்கலாம். மிதிக்காமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ரெண்டு பெடலும் ஒண்ணாத்தான் சுத்துது, இல்லையா?" என்று அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அதைக் கண்டுபிடித்த பெருமை அவர் முகத்தில் வழிந்தது. அந்த ரகசியத்தை அவரைவிட அறிந்தவர் யார்?

என் வீட்டுக்காரர் தொப்பியைத் தடவிக்கொண்டு நின்றார். "வா, போகலாம்" என்றார் மெதுவாக. அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் போயிருப்பேன். ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் இணைப்பு கிடைக்காதவர்களிடம் 'லைன் பிசியா இருக்குங்க' என்று சொல்வாரே, அந்தக் குரல்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். பிறகு எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டு வாங்கினேன் என்றுதான் எனக்கு ஞாபகம்.

"பதினோராவது வளைவுலேர்ந்து பதிமூணாவது வளைவு வரைக்கும் நான் மிதிக்கல" என்றேன். "காலைச் சும்மா வெச்சிட்டு வந்தேன். நீங்க எல்லாரும் அங்கதான் நின்னு எனக்குக் கை தட்டினீங்க. நான் மிதிக்கலைன்னா அந்த ரெண்டு வளைவும் சைக்கிள் தானா ஏறுச்சா? இல்ல, நீங்க யாராவது பின்னாடி வந்து தள்ளினீங்களா?"

வள்ளல் முகத்தில் ஈயாடவில்லை.

"போன வருஷம் ஒருத்தர் கேட்டாரு, நான் மிதிக்காம சைக்கிள் எப்படி மேல வரும்னு. இப்படித்தான் வரும். மிதிக்காம வர்ற சுகம் இத்தனை நாள் அவருக்கு மட்டும்தான் தெரியும். இன்னைக்கு எனக்கும் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருடம் அந்த ஆளைக் காறித் துப்பியவள், ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவள், முதல் வாய்ப்பிலேயே அந்தச் சும்மாக்காலை எடுத்து என் இடுப்பில் மாட்டிக்கொண்டேன். அதுவும் யாரிடம்? செயின் காய்ந்திருப்பதை நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதரிடம்.

"அப்படின்னா உங்க கார்டு செல்லாதும்மா" என்றார் வள்ளல், சுதாரித்துக்கொண்டு. ஒரு கார்டு மிச்சம் என்ற நிம்மதி அவருக்கு.

அதுவரை வாய் திறக்காத மருந்துக்கடை அம்மாள் சங்கத்து விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போலக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்தாள். "இதுல 'சைக்கிளை உச்சிக்குக் கொண்டு வந்தவர்'னுதான் போட்டிருக்கு. முன்சீட்டு பின்சீட்டுன்னு எங்கயும் இல்லை" என்றாள். என் கையிலிருந்த கார்டை வாங்கி, என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே அவர் பெயரை எழுதினாள். வள்ளல் ஏதோ சொல்ல வந்தார். "புத்தகம் நீங்க அச்சடிச்சதுதானே?" என்றாள்.

கார்டு என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. விரலால் நாலு ஓரத்தையும் தடவினார்.

"என்ன நம்பர்?"

"இருநூத்திப் பதினாலு."

"ரத்த வங்கி" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை உலகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதயம் ஒட்டிய துணியைக் கழற்றி மேஜைமேல் மடித்து வைத்தார். வள்ளல் அதைப் படம் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே நான் தயாராகித் தலை வாரி, தண்ணீர் நிரப்பி, வாசலில் நின்றேன். அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தெருமுனையில் மணியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள், இவர் கார்டைக் காட்டிக் கொட்டகையிலிருந்து எடுத்த இரட்டைச் சைக்கிளோடு வந்தான்.

"இவன் எதுக்கு?" என்றேன்.

"முன்சீட்டுக்கு."

"அப்ப நான்?"

என் வீட்டுக்காரர் எழுந்து, என் தோளைத் தேடிப் பிடித்து, ஒரு தட்டுத் தட்டினார். "நீ நல்லா ஓட்டுற. அவன் மிதிக்கிறான்" என்றார்.

அவர் பின்சீட்டில் ஏறிப் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, காதைச் சாய்த்தார். நான் உள்ளே போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து செயினுக்குப் போட்டுக் கொடுத்தேன்.